மறைச்சு வச்ச மாவட்டம்

சார், அந்தப் பைக்குள்ள இருக்கிறது லேப்டாப்பா? கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்குறீங்க? நினைச்சேன். இல்லல்ல, நீங்க ஜன்னலோரமே உக்காருங்க, எனக்கு வெயில் ஒத்துக்காது. ஒட்டன்சத்திரத்துல ஏறுனதுல இருந்து கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். ஒரு படம்னு வைங்க. ஒரு கம்ப்யூட்டர்ல செஞ்ச படம். அதை இன்னொரு கம்ப்யூட்டர்ல திறந்தா வேற மாதிரி தெரியுமா, தெரியாதா?

தெரியுமா? நல்லா சத்தமா சொல்லுங்க சார். அதுவும் ஒண்ணு பழப் படம் போட்ட கம்ப்யூட்டர், இன்னொண்ணு ஜன்னல் படம் போட்ட கம்ப்யூட்டர்னா கண்டிப்பா மாறித் தெரியும்ல? ஆங். இதைத்தான் நான் மூணு மாசமா தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன். ஒருத்தனும் நம்பல. நீங்க மட்டும் அன்னைக்கு அந்த மேடையில இருந்திருந்தா நான் இன்னைக்கு இந்த பஸ்ஸுல... சரி, விடுங்க.

என் பேரு தண்டபாணி. கட்சி பேரு கேக்காதீங்க, சொன்னா நீங்க எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போனாலும் போயிருவீங்க. இருபத்திரெண்டு வருஷமா கட்சியில இருக்கேன். இருந்தேன். நகரத் துணைச் செயலாளர். எங்க கட்சியில பெரியவங்களைப் பேரு சொல்லிப் பேசுறது வழக்கம் இல்ல. மாவட்டச் செயலாளரை 'மாவட்டம்'னுதான் சொல்லுவோம். நகரச் செயலாளர் 'நகரம்'. ஒன்றியச் செயலாளர் 'ஒன்றியம்'. "மாவட்டம் சாப்பிட்டுட்டாரா?" "நகரத்துக்கு சுகர் கூடிப்போச்சாமே?" இப்படித்தான் பேசிக்குவோம். வெளியாளு கேட்டா ஒரு மாதிரியாத்தான் இருக்கும்.

பேனர்ல படம் வைக்கிறது சாதாரண விஷயம்னு நினைக்காதீங்க. தலைவர் பெருசு. அடுத்தது மாவட்டம். மாவட்டத்தோட காது மட்டத்துக்கு மேல நகரத்தோட தலை போகக் கூடாது. எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருக்கிற கீழ் மூலையில, கையைக் கூப்பிக்கிட்டு, நாம. இருபத்திரெண்டு வருஷமா அந்தக் கீழ் மூலைதான் எனக்கு. பேனரைக் கட்டும்போது முன்னாடி கரண்டு கம்பம் வந்தாலும் சரி, குப்பைத் தொட்டி வந்தாலும் சரி, மொத மறையறது நான்தான். அதுக்காக நான் வருத்தப்பட்டதே இல்ல. பதவிக்கு அலையற ஆளு இல்ல சார் நானு. பதினோராவது வார்டு கவுன்சிலர் சீட்டு மட்டும் கேட்டிருந்தேன்.

தர்றேன்னு வாய் விட்டே சொல்லியிருந்தாரு, ராக்கப்பன் அண்ணன். அவருதான் அப்ப மாவட்டம். என் மகளுக்குக் காது குத்துறப்ப மடியில உக்கார வச்சுக்கிட்டவரு. அப்பேர்ப்பட்ட மனுஷன். அவருக்கு அறுபதாவது பொறந்தநாள் விழா. இப்ப ரோட்டுல ஃபிளெக்ஸ் வைக்க ஆயிரம் கெடுபிடி, அதனால மண்டபத்துக்குள்ளயே மேடைக்குப் பின்னாடி பெரிய எல்.ஈ.டி. திரை. பன்னெண்டு அடிக்கு இருபது அடி. ஒவ்வொரு நிர்வாகியும் ஒரு வாழ்த்துப் படம் குடுக்கணும், வரிசையா ஓட விடுவாங்க. நான் ஒரு மாசத்துக்கு முன்னாடியே செய்யச் சொல்லிட்டேன். அந்தப் படத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. அண்ணன் தலைக்குப் பின்னாடி வெள்ளையா ஒளிவட்டம், மீசை ஒவ்வொரு முடியும் தனித்தனியா. 'எங்கள் மூச்சே! முகவரியே! ராக்கப்பனாரே!' நானே எழுதுனது.

விழாவுக்கு மூணு நாள் இருக்கு. மத்தியானம் சோத்துல கையை வச்சுக்கிட்டு டிவியைப் பார்க்குறேன், கீழ ஓடுது எழுத்து. ராக்கப்பன் அண்ணனை எடுத்துட்டாங்க. அழகுசுந்தரத்தைப் போட்டுட்டாங்க. மண்டபம் அதே மண்டபம், தேதி அதே தேதி, பிரியாணிக்குச் சொன்னதும் சொன்னதுதான். பொறந்தநாள் விழா பாராட்டு விழா ஆயிருச்சு.

அழுதேன் சார். நிஜமா அழுதேன். என் வீட்டுக்காரி செல்வராணியைக் கேட்டுப் பாருங்க. அழுதுக்கிட்டேதான் வண்டியை எடுத்தேன். டிசைன் கடைக்கு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு கடை வச்சிருக்கு. நாப்பது வயசு இருக்கும். எங்க ஊர்ல எல்லாக் கட்சிக்கும் அதுதான் டிசைன். மடக்கி வைக்கிற மாதிரி, பழப் படம் போட்ட கம்ப்யூட்டர் அதுகிட்ட மட்டும்தான் இருக்கு. போய் நின்னேன்.

"ஜெசி, மாவட்டத்தை மாத்து."

"டிவியில பார்த்தேண்ணே. உக்காருங்க, உங்களுக்கு முன்னாடி ஏழு பேரு."

பாருங்க, ஏழு பேரு! நான் சோத்தைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன், அவனுக சாப்பிடாமலே வந்திருக்கானுக.

என் முறை வந்துச்சு. "கவிதையையும் மாத்தணுமாண்ணே?"ன்னு கேட்டுச்சு. "கவிதை அப்படியே இருக்கட்டும், பேரை மட்டும் மாத்து"ன்னேன். அழகுசுந்தரனாரேன்னு போட்டா ரெண்டு எழுத்து கூட வருது, இடம் பத்தல. அதனால மூச்சை எடுத்துட்டோம்.

அப்புறம் கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி. "பழையவரை அழிச்சிரவாண்ணே, மறைச்சு வைக்கவா?"

அந்தக் கம்ப்யூட்டர்ல படம் ஒண்ணு மேல ஒண்ணா கண்ணாடித் தாள் மாதிரி அடுக்கியிருக்கும். உங்களுக்கே நான் சொல்றேன் பாருங்க. ஒவ்வொரு தாளுக்குப் பக்கத்துலயும் ஒரு கண்ணு இருக்கும். கண்ணை மூடிட்டா அந்தத் தாள் தெரியாது. ஆனா இருக்கும்.

நான் யோசிச்சேன். எங்க கட்சியில ஒரே வாரத்துல உத்தரவைத் திருப்பி வாங்குன கதையெல்லாம் உண்டு. "மறைச்சு வை"ன்னேன். இதைப் போயி துரோகம்ங்கிறாங்க. துரோகின்னா அழிச்சிருக்க மாட்டானா? நான் மறைச்சுத்தானே வச்சேன்?

அதோட, சும்மா ஒரு ஆசைக்கு, என் படத்துக்குக் கீழ 'வருங்கால நகரமே! தண்டபாணியே!'ன்னு ஒரு வரி. அதுவும் கண்ணு மூடித்தான் இருந்துச்சு. எழுதிப் பார்க்கிறது ஒரு தப்பா? எப்பவாச்சும் கடைப் பக்கம் போனா, "ஜெசி, அதைக் கொஞ்சம் திற"ம்பேன். பார்த்துட்டு மூடச் சொல்லிருவேன். யாருக்கு என்ன நஷ்டம்?

விழா அன்னைக்குக் காலையில திரைக்காரர் கேட்டாராம், படமா வேண்டாம், செஞ்ச ஃபைலையே குடுங்க, எங்க திரை அளவுக்கு இழுத்துக்கிறோம்னு. ஓடிப் போய் ஜெசிகிட்ட பென்டிரைவை நீட்டுனேன். அது தயங்குச்சு.

"அண்ணே, இதை இப்படியே குடுக்காதீங்க. எங்கிட்ட இருக்கிற கம்ப்யூட்டர் வேற, அவங்ககிட்ட இருக்கிறது வேற. நான் போட்ட ஃபான்ட் எழுத்து அவங்ககிட்ட இருக்காது. இங்க மூடுன கண்ணு அங்கயும் மூடியிருக்கும்னு சொல்ல முடியாது. எல்லாத்தையும் ஒரே படமா ஒட்டித் தர்றேன். ரெண்டு நிமிஷம்."

"ஒட்டிட்டா அப்புறம் பிரிக்கலாமா?"

"முடியாதுண்ணே. ஒட்டுனா ஒட்டுனதுதான்."

"அப்ப வேண்டாம்"னுட்டேன். அரசியல்ல இருக்கிறவன் எதையாச்சும் அப்படி ஒட்டிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. பென்டிரைவைப் பிடுங்காத குறையா வாங்கிட்டு வந்துட்டேன்.

மண்டபம் நெறஞ்சு கெடக்கு. மேடையில புது மாவட்டம், பக்கத்துல நகரம், ரெண்டு பக்கமும் ஒன்றியங்க. ஒவ்வொருத்தர் படமா திரையில வருது, கை தட்டுறாங்க. என் முறை. மைக்ல சொல்றாரு, "அடுத்து, நகரத் துணைச் செயலாளர் தண்டபாணி அவர்களின் அன்புக் காணிக்கை!" நான் மேடைக்குக் கீழ நின்னு கையைக் கூப்பினேன், படத்துல இருக்கிற மாதிரியே.

மொதல்ல எழுத்து வந்துச்சு. கொம்பு ஒரு பக்கம் போயிருச்சு, கால் ஒரு பக்கம் போயிருச்சு, புள்ளியெல்லாம் எறும்பு மாதிரி தனியா ஊருது. எனக்குப் பின்னாடி ஒருத்தன், "மலையாளத்துல வாழ்த்துறாங்கடா"ன்னான். சரி, எழுத்துதானே, போகட்டும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அப்புறம் முகம் வந்துச்சு.

எப்படிச் சொல்றது? கண்ணு புதுசு. மூக்கு புதுசு. மீசை பழசு. காது நாலு. ஒளிவட்டம் வெள்ளையா வச்சது தார் டப்பா மூடி மாதிரி கறுப்பா நிக்குது. அதுல வயித்தெரிச்சல் என்னன்னா, எழுத்தெல்லாம் செதறிப்போச்சுன்னு சொன்னேன்ல, ஒரே ஒரு வரி மட்டும் ஒரு புள்ளி கூடக் கலையாம வந்துச்சு. 'வருங்கால நகரமே! தண்டபாணியே!' அதை மட்டும் ஜெசி அழகா இருக்கட்டும்னு படமா வரைஞ்சு வச்சிருக்கு.

கை தட்டுனாங்க சார். பழக்கம் பாருங்க, என்ன ஏதுன்னு பார்க்காம மொத்த மண்டபமும் கை தட்டுச்சு. அப்புறம்தான் ஒவ்வொரு பக்கமா ஓய்ஞ்சுச்சு. புது மாவட்டம் திரும்பிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு.

"யாருய்யா இது?"

"நீங்கதாண்ணே"ன்னேன் கீழ இருந்து.

"மீசை?"

"அது... கம்ப்யூட்டர்ணே."

"அந்த மீசையை எனக்குத் தெரியும்யா. பதினெட்டு வருஷம் அதுக்குப் பின்னாடி நின்னுருக்கேன்."

நகரம் அந்த ஒரு வரியை உதட்டை அசைச்சு அசைச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தாரு.

மத்தியானத்துக்குள்ள எங்க ஆளுங்க ஜெசி கடை போர்டுல தாரைப் பூசிட்டாங்க. எதுத்த டீக்கடையில நின்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். "தடுத்திருக்கலாம்ல?"ன்னு செல்வராணி கேக்குறா. அவளுக்கு அரசியல் தெரியாது. தடுத்தா நான் ஜெசி ஆளுன்னு ஆயிராதா? நானே பாதிக்கப்பட்டவன். ஆனா தாரைப் பூசுனவங்க போனதும் கடைக்குள்ள போனேன். மனுஷத்தன்மை இருக்குல்ல. ஜெசி மண்ணெண்ணெயும் துணியும் வச்சு போர்டைத் தொடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

"ஜெசி, நாளைக்கு மாவட்டம் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காரு. நீ வந்து, வேற ஆளோட ஃபைல் கலந்துருச்சு, என் தப்புதான்னு சொல்லிரு. உனக்கென்ன, நீ கட்சியிலயா இருக்கே?"

திரும்பிக்கூடப் பார்க்கல. "வர்றேண்ணே. வந்து, நடந்ததைச் சொல்றேன்."

எனக்கு அது போதும்னு இருந்துச்சு. நடந்தது கம்ப்யூட்டர் கோளாறுதானே.

மறுநாள் கட்சி ஆபீஸு. பன்னெண்டு பேரு உக்காந்திருக்கோம். ஜெசி கம்ப்யூட்டரைத் திறந்து என் படத்தைப் போட்டுச்சு. எங்கேயும் ஒரு குறை இல்ல. புது மாவட்டம் தனியா, ஒளிவட்டத்தோட, ராஜா மாதிரி இருக்காரு. மனுஷன் குனிஞ்சு பார்த்தாரு. முகம் மலர்ந்துருச்சு. "இது நல்லாத்தானே இருக்கு?"ன்னாரு.

"பார்த்தீங்களாண்ணே!"ன்னு எந்திரிச்சுட்டேன். "பழம் போட்டதுல நீங்க மட்டும்தாண்ணே இருக்கீங்க. ஜன்னல் போட்டதுலதான் மத்தவங்கெல்லாம் வந்துட்டாங்க!"

அதோட விட்டிருக்கலாம் அந்த மனுஷன். ஓரத்துல இருந்த பட்டியலைக் காட்டி, "இதெல்லாம் என்னம்மா?"ன்னு கேட்டாரு. ஜெசி மேல இருந்து ஒண்ணொண்ணா படிச்சுச்சு.

"தலைவர். புது மாவட்டம். பழைய மாவட்டம், இது மறைச்சு வச்சிருக்கு. வருங்கால நகரம், இதுவும் மறைச்சு வச்சிருக்கு. அடுத்த மாவட்டம்."

"என்னது?"

"அடுத்த மாவட்டம்ங்க. உள்ள ஒண்ணும் இல்ல. காலித் தாளு. அண்ணன் ஒரு இடம் விட்டு வைக்கச் சொன்னாரு."

இதை உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். சின்ன விஷயம். ஒவ்வொரு தடவையும் அளவெடுத்து வைக்கிறது ஜெசிக்குத் தொல்லையா இருக்கேன்னு, அதோட நல்லதுக்குத்தான், ஒரு இடம் தயாரா இருக்கட்டும்னு சொல்லியிருந்தேன்.

மாவட்டம் என்னைப் பார்த்தாரு. "யாருய்யா அது?"

"யாரும் இல்லண்ணே. காலியா இருக்கு."

"காலியா இருக்குன்னு தெரியுது. யாருக்குக் காலியா இருக்கு?"

"பொதுவாண்ணே."

"பொதுவான்னா யாருய்யா? இந்த ரூமுக்குள்ள இருக்கானா, வெளியில இருக்கானா?"

அந்தக் கேள்வி கேட்டதும் பார்க்கணுமே. ஒரு ஒன்றியம் தரையைப் பார்க்குறாரு. ஒரு ஒன்றியம் ஃபேனைப் பார்க்குறாரு. நகரம் துண்டை எடுத்து முகத்தைத் தொடைக்கிறாரு. ஏ.சி. ரூமு சார் அது. பன்னெண்டு பேருக்கும் வேர்த்துச்சு.

ஜெசிதான் பேசுச்சு. "ஒரே படமா ஒட்டித் தர்றேன்னு சொன்னேங்க. அண்ணன் வேண்டாம்னுட்டாரு. என் போர்டுல தார் பூசுனது யாருன்னு தெரியும், அதைக் கேக்க நான் வரல. செஞ்சதைச் செஞ்ச மாதிரி காட்டிட்டேன். கிளம்புறேன்."

"இரும்மா. இவங்க எல்லார் ஃபைலும் உங்கிட்டதானே இருக்கு? அதையும் ஒரு தடவை திற, பார்ப்போம்."

பன்னெண்டு பேரும் ஜெசி கையையே பார்க்குறோம்.

"அவங்கவங்க வந்து கேட்டாத்தாங்க திறப்பேன்"னு சொல்லி மடக்கி வச்சுட்டுப் போயிருச்சு. எவ்வளவு தைரியம் பாருங்க. மறுநாள்ல இருந்து அது கடையில கூட்டமான கூட்டம். ஒவ்வொருத்தனா வந்து, "தங்கச்சி, என்னோடதுல பழசு ஏதாச்சும் கெடந்தா அழிச்சிரு"ங்கிறானாம். தார் பூசுனவன் மொத ஆளா நின்னானாம். எனக்கு மட்டும்தான் அழிக்கிறதுக்கு நேரம் குடுக்கல.

அடிப்படை உறுப்பினர் பதவியில இருந்தே நீக்கிட்டாங்க. கட்சிப் பத்திரிகையில அறிவிப்பு, ரெண்டு பத்தி அகலத்துக்கு என் படத்தோட. இந்தப் பர்சுல வச்சிருக்கேன், பாருங்க. நல்லா விழுந்திருக்குல்ல? இருபத்திரெண்டு வருஷத்துல என் படம் தனியா, பெருசா, பக்கத்துல யாரும் இல்லாம வந்தது இதுதான். கீழ இருக்கிறதைப் படிக்காதீங்க, படத்தை மட்டும் பாருங்க.

அடுத்த வாரம் ராக்கப்பன் அண்ணன் ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. போகாம இருக்க முடியல. வண்டியை ரெண்டு தெரு தள்ளி ரேஷன் கடைகிட்ட நிறுத்திட்டுப் போனேன். முன்னெல்லாம் அந்த வாசல்ல செருப்புக் குவியலைத் தாண்டித்தான் உள்ள போகணும். அன்னைக்கு ஒரே ஒரு ஜோடி கெடந்துச்சு. அவரோடது. அவரே காபி போட்டுக் கொண்டாந்து குடுத்தாரு. சீனி போட மறந்துட்டாரு, நான் சொல்லல.

"தண்டபாணி, எனக்கு எத்தனை பேரு வாழ்த்துப் படம் செஞ்சு வச்சிருந்தாங்க தெரியுமா? அறுபத்தி மூணு பேரு. அந்த ஒரு மத்தியானத்துல எல்லாரும் அழிச்சுட்டாங்கய்யா. நீ ஒருத்தன்தான் என்னை அழிக்கல."

நான் மிச்சக் காபியை ஒரே மடக்குல குடிச்சேன்.

"மீசை மட்டுமாச்சும் அன்னைக்கு மேடை ஏறுச்சே"ன்னாரு. சொல்லிட்டு அழுதாரு. அறுபது வயசு மனுஷன், சேர்ல உக்காந்து, சின்னப் பிள்ளை மாதிரி. அவரு அழுவுறாரு, எனக்கு வாசக் கதவு திறந்து கெடக்கேன்னு இருக்கு. எந்திரிச்சுப் போய்ச் சாத்துனேன். "குளிர்காத்து வருதுண்ணே"ன்னேன். சித்திரை மாசம்.

ஏன் மறைச்சு வச்சேன்னு அவர்கிட்ட சொல்லிரலாம்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. சொல்லல. நம்மால ஒரு மனுஷன் சந்தோஷமா இருக்காரு, அதை ஏன் கெடுக்கணும்? கிளம்பும்போது கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "அடிக்கடி வாய்யா. பேச ஆளே இல்ல"ன்னாரு. வர்றேண்ணேன்னு சொல்லிட்டு வந்தேன்.

போகல சார். எப்படிப் போறது? மன்னிப்புக் கடிதம் எழுதி வச்சிருக்கிற நேரத்துல அந்த வீட்டு வாசல்ல என்னை எவனாச்சும் பார்த்தா என்ன ஆகும்? இன்னைக்குத் திருச்சியில ஒரு கல்யாணத்துக்கு மண்டலப் பொறுப்பாளர் வர்றாரு. வாசல்லயே நின்னு கையில குடுத்துரணும். நீங்க சொன்னதையும் சேர்த்துக்கிறேன், கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறித்தான் தெரியும்னு படிச்ச ஒருத்தர் சொன்னாருன்னு. உங்க பேரு என்ன சார்?

இருங்க, போன் அடிக்குது.

இல்ல, எடுக்க வேண்டாம். 'கேஸ் ஏஜென்சி'ன்னு வருதுல்ல? கேஸ் ஏஜென்சி இல்ல சார், ராக்கப்பன் அண்ணன். எவனாச்சும் எட்டிப் பார்த்தா வம்புன்னு பேரை அப்படிப் போட்டு வச்சிருக்கேன். தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டுருவாரு. அடிச்சு ஓயட்டும், சிக்னல் இல்லன்னு நினைச்சுக்குவாரு.

போன மாசம் ஒரு கூத்து. நான் குளிச்சுக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது, செல்வராணி எடுத்துட்டா. பேரைப் பார்த்துட்டு, "ஏங்க, சிலிண்டருக்குச் சொல்லி பதினஞ்சு நாளாச்சு, எப்பத்தான் வரும்?"னு கேட்டிருக்கா. அந்த மனுஷன் நான் யாரு தெரியுமான்னு கேக்கல, ராங் நம்பர்னு சொல்லல. "விசாரிச்சுச் சொல்றேம்மா"ன்னு சொல்லியிருக்காரு.

மறுநாள் காலையில சிலிண்டர் வந்து எறங்கிருச்சு சார்.

இன்னும் அடிக்குது பாருங்க.